அன்டோராவுக்கு முன்னால் இறங்கிய தங்கை

இன்று காலை இங்கே ஜெர்மனியில், ஹம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது தங்கை போனில் கூப்பிட்டாள். மன்னாரிலிருந்து என்னிடம் வந்திருப்பவள். பிரான்சில் லூர்து மாதா யாத்திரை முடிந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வழியில அன்டோராவுக்கும் போறமாம். சென்ட் சரியான மலிவாம். உங்களுக்கு என்ன வேணும்?"

ஜெர்மனி, பிரான்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்த அவளுடைய ஷெங்கன் விசாவில் ஒருமுறைதான் உள்ளே வரலாம். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் மலைக்குள் இருக்கும் குட்டி நாடான அன்டோரா ஷெங்கனில் இல்லை. அங்கே கால் வைத்தால் விசா முடிந்தது.

பஸ் ஒழுங்கு செய்த அண்ணையிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"தங்கச்சி, பயப்பிடாதையுங்கோ. அங்க ஆர் பாஸ்போட் பாக்கிறது? ஒவ்வொரு முறையும் போறனாங்கள்."

"உங்கள் எல்லாரிட்டையும் ஜெர்மன் பாஸ்போட், அண்ணை. திரும்பி வரேக்க பொலிஸ் மறிச்சா அவள் எங்க போறது? அங்க ஒரு விமான நிலையங்கூட இல்லை."

"மாதா பாத்துக்கொள்ளுவா."

"மாதாவுக்கு விசா தேவையில்லை. அவளை இறக்கி விடுங்கோ."

இறக்கி விட்டார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஏதோ ஒரு பிரெஞ்சு ஊரில், ஒரு கோப்பிக் கடையில், பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாமல், லூர்துத் தண்ணீர்ப் போத்தலோடு இருக்கிறாள். பஸ் மாலையில் வந்து ஏற்றுமாம்.

ஊரின் பெயரைக் கேட்டேன். "வாசிக்கத் தெரியேல்லை அக்கா" என்று கடைப் பலகையைப் படமெடுத்து அனுப்பினாள். அதில் கடையின் பெயர்தான் இருக்கிறது, ஊரின் பெயர் இல்லை. அதற்குப் பிறகு அவள் போன் எடுக்கவில்லை; பஸ் அண்ணையின் நம்பரும் என்னிடம் இல்லை.

படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் யாராவது இருந்தால் உடனே எழுதுங்கள்.

மாதாவிடம் எதுவும் கேட்டுப் பழகாதவள் நான். உங்களிடமிருந்து பதில் வராவிட்டால் இன்று தொடங்கிவிடுவேன்.