கண்ணாடி அறைக்குள் ஒரு வெப்பப் பரிமாற்றி

புத்தூர் தியாகராசாவின் மகள் தர்சினி, பள்ளிக்கூடம் முடித்த கையோடு யாழ்ப்பாணத்துத் துணிக்கடை ஒன்றில் நின்றாள். நின்றாள் என்பது வெறும் பேச்சுக்கல்ல. கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை அங்கே பெண்பிள்ளைகள் உட்காரக்கூடாது. கால் வீங்கி பஸ் ஏறுகிற ஒவ்வொரு நாளும், இதைவிட்டு எப்படியாவது தப்பவேண்டும் என்றுதான் நினைத்தாள்.

ஒரு வழி தெரிந்தது. ஊருக்குப் பக்கத்தில் பால் தொழிற்சாலை ஒன்று வரப்போகிறது, அங்கே வெப்பப் பரிமாற்றிக்கு ஆள் எடுப்பார்கள் என்று கதை அடிபட்டது. மெல்லிய உருக்குத் தகடுகளின் ஒரு பக்கம் சுடுபாலும் மறுபக்கம் குளிர்ந்த நீரும் ஓட, இரண்டும் கலக்காமலே பாலின் சூடு நீருக்குப் போய்விடுகிற இயந்திரம் அது. தொழினுட்பப் பாடம் எடுத்தவளுக்கு அதில் ஆசை விழுந்தது. ஆனால் எங்கே போய்ப் படிப்பது? கேட்ட இடமெல்லாம் கணினி படி, தாதிக்குப் படி, மணப்பெண் அலங்காரம் படி என்றார்கள். கொழும்பில் ஒரு படிப்பு இருந்தது, சிங்களத்தில் மட்டும். எங்கள் பிள்ளைகள் இயந்திரம் படிக்க முதலில் இன்னொரு பாஷை படித்துவிட்டு வரவேண்டும் போலும்.

கடைசியில் நகரத்திலேயே ஒரு தனியார் பயிற்சி நிலையம் அகப்பட்டது. துணிக்கடையை விட்டுவிட்டு அதில் சேர்ந்தாள். அதை நடத்திய பணிப்பாளர் நவரட்ணம் ஓய்வுபெற்ற பொறியியலாளர், நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் மனதாரத் திட்டவாவது செய்யலாம்.

அங்கே புத்தம்புதிய வெப்பப் பரிமாற்றி ஒன்று நின்றது. லண்டனில் இருக்கும் ஒருவர், காலமான தகப்பனின் ஞாபகார்த்தமாக அனுப்பியது. தகப்பனின் பெயர் பொறித்த சலவைக்கல்லும் குறுக்கே கட்டிய சிவப்பு நாடாவும் தயார். நாடாவை வெட்ட லண்டன்காரர்தான் வரவேண்டும். அவர் தைப்பொங்கலுக்கு வருவதாகச் சொன்னார், பிறகு நல்லூர்த் திருவிழாவுக்கு என்றார், பிறகு மகளின் சோதனை முடியட்டும் என்றார். அதுவரை இயந்திரத்தைக் கண்ணாடி அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் வெளியே நின்று அதைப் பார்த்துப் படம் கீறினார்கள். கோயிலில் திரை போட்டிருக்கும்போது வெளியே காத்து நிற்கிறவர்களுக்காவது எப்போதோ திரை விலகும்.

தர்சினி ஒருநாள் துணிந்து கேட்டாள். "சேர், ஒருக்கா உந்த மெஷினைக் கழட்டிப் பாக்க விடுங்கோவன்."

"அந்த மனிசன் வந்து பாக்கேக்கை ஒரு கீறல்கூட இருக்கக்கூடாது பிள்ளை. படத்தை வடிவாக் கீறுங்கோ, அதுவே காணும்."

அவள் வடிவாகக் கீறினாள். வெப்பக் கணக்கெல்லாம் தலைகீழாகச் சொன்னாள். முதலாவதாகச் சித்தியடைந்தாள்.

அதற்குள் திறந்துவிட்டிருந்த பால் தொழிற்சாலையில் நேர்முகம் சுகமாகப் போனது. பிறகு தலைமை மெக்கானிக் கோபிசங்கர் அவளை உள்ளே கூட்டிப்போய், நட்டுக் கழற்றும் சாவியைக் கையில் கொடுத்து, அங்கே நின்ற வெப்பப் பரிமாற்றியைக் கழற்றிக் கழுவித் திரும்பப் பூட்டச் சொன்னான். தகடுகளை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு பக்கத்து நட்டுகளையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவேண்டும். அவள் ஒரு பக்கத்தை முழுவதும் தளர்த்திவிட்டு மறுபக்கம் போனாள். பாரமான முன்தகடு சரிந்தது. உள்ளே இருந்த மெல்லிய தகடுகள் நெரிந்து மடங்கின. கோபிசங்கர் பாய்ந்து வந்து தாங்கிப் பிடித்தான். அவன் ஏசவில்லை. முன்பு எத்தனை தரம் கழற்றியிருக்கிறாள் என்று மட்டும் கேட்டான். ஒருதரமும் இல்லை என்றாள். பிறகு, அவன் எங்கே படித்தான் என்று கேட்டாள்.

"நான் சவூதியிலை பழகினனான் தங்கச்சி. இஞ்சை ஆர் பழக்கிறது?"

வேலை இல்லை என்று அவன் சொல்லவேண்டியிருக்கவில்லை. அடுத்த மாதம் அவள் பழைய துணிக்கடையிலேயே திரும்பவும் நின்றாள்.

ஆவணியில் நவரட்ணம் அந்தக் கடைக்கு வந்தார். லண்டன்காரர் உண்மையாகவே வருகிறாராம், போர்த்துவதற்குப் பொன்னாடை வேண்டுமாம். அவளைக் கண்டதும் ஏன் இங்கே நிற்கிறாள் என்று அக்கறையோடுதான் விசாரித்தார். முதலாளி பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் குரலை உயர்த்தாமல் நடந்ததை எல்லாம் சொன்னாள்.

"ஒரேயொருக்கா உங்கடை மெஷினிலை கை வைக்க விட்டிருந்தா, நான் இண்டைக்கு இஞ்சை நிப்பனே சேர்?"

நவரட்ணம் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"பாத்தியளே பிள்ளை, நல்லகாலம் நான் விடேல்லை. எங்கடை தகடும் உப்பிடித்தானே மடங்கியிருக்கும்."

பிறகு, இதைவிட அகலக் கரை போட்டது இருக்கிறதா என்று கேட்டார். தர்சினி எட்டி, மேல்தட்டிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து அவருக்கு முன்னால் விரித்தாள்.