மாமா புல்

எங்கள் மலையில் ஒரு புல்லுக்குப் பெயர் வைத்த பெருமை என்னுடையது. அப்போது எனக்கு எட்டு வயது.

மாமா என்பவர் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். ஒருமுறை சின்னசேலத்துக்குப் போனவர், மாட்டுத்தீவன விதை என்று ஒரு பை வாங்கி வந்தார். உள்ளே பஞ்சு பஞ்சாக இருந்தது. முதல் மழைக்கு எங்கள் வரப்போரம் நானும் அவருமாகத் தூவினோம். "மாடு தின்னா பாலு ஜாஸ்தி வரும். இப்ப யார்கிட்டயும் சொல்லாத" என்றார். பால் வந்தபிறகு ஊரை அசத்துவதாகத் திட்டம். ஊர் என்றால் முக்கியமாக, எங்களுக்குக் கீழே சாமை போட்டிருந்த கீழ்க்காட்டுக்காரர். அவர் மகளைத்தான் மாமாவுக்குக் கேட்டிருந்தார்கள். அவரும் தை பிறக்கட்டும் என்று பாதி சம்மதம் சொல்லியிருந்தார்.

இளம்புல்லை மாடு தின்றது. பால் கூடவில்லை. கதிர் வந்ததும் மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது, காற்று அடித்ததும் பஞ்சு பறந்தது. அந்தத் தையும் பேச்சிலேயே போனது. மறுவருஷம் கீழ்க்காட்டில் சாமையோடு சாமையாக அந்தப் புல் முளைத்தது. இளசில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. களையெடுத்தவர்கள் சாமை என்றே விட்டுவிட்டார்கள். கதிர் வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. சாமை தலை கவிழ்ந்து நின்றது. இது அணில்வால் மாதிரி நிமிர்ந்து ரோஸ் நிறத்தில் நின்றது. எனக்கு இதுதான் அழகாகத் தெரிந்தது. கீழ்க்காட்டுக்காரருக்குப் பாதிச் சாமைதான் தேறியது. இந்த வேலையைச் செய்தது யார் என்று அவர் ஊரெல்லாம் தேடினார். மாமாவும் கூடவே தேடினார்.

கரியாலூர் பக்கம் செடிகொடி பார்க்க வந்திருந்த கல்லூரி வாத்தியார் ஒருவரைக் கீழ்க்காட்டுக்காரர் கையோடு அழைத்து வந்தார். ஊரே கூடிவிட்டது.

"இது இன்னா எழவுன்னு பாத்து சொல்லுங்க சார்."

வாத்தியார் கதிரைக் கசக்கினார், கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இது இந்த மலைப் புல்லே இல்லைங்க. யாரோ கொண்டாந்து போட்டிருக்காங்க. ஒரே வருஷத்துல முளைச்சு, விதையைக் கொட்டிட்டுக் காஞ்சிடும். நீங்க கூரை வேயற புல்லைக்கூடத் தலைதூக்க விடாது. காஞ்சு கிடக்கறப்ப ஒரு தீக்குச்சி விழுந்தா மலையே எரியும்."

பிறகு நோட்டைத் திறந்து, இங்கே இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பதில் தெரிந்தும் சும்மா இருப்பது எனக்கு ஆகாத காரியம்.

"மாமா புல்லு."

"எந்த மாமா?" என்று சிரித்தார்.

"எங்க மாமா. நானும் அவரும்தான் தூவினோம்."

வாத்தியார் எழுதிக்கொண்டார். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. என் அறிவைப் பார்த்து அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்தேன். கீழ்க்காட்டுக்காரர் மட்டும் மாமாவைப் பார்த்து, "எங்கூடவே தேடிக்கினு இருந்தியேடா" என்றார். அவ்வளவுதான்.

தை பிறந்தது. அவர் மகளுக்கு ரிஷிவந்தியம் பக்கம் கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. விருந்துச் சாப்பாடு போனதே என்று நான் அழுதேன். மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த மழை முடிந்து சாமை முழங்கால் உயரம் வந்திருந்தது. ஒருநாள் மாமாவுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் காட்டில் அந்தப் புல் அப்படியே நின்றது, ஆளைக் காணோம். தேடிப் பார்த்தால், கீழ்க்காட்டில் குனிந்து ஒவ்வொரு தூராகப் பிரித்துப் பார்த்து, பூ வரும் முன்னே அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கீழ்க்காட்டுக்காரர் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். "மாமாவுக்கு நம்ம வரப்பே தெரியலம்மா. அடுத்தவங்க காட்டுல களை எடுத்துக்கினு இருக்காரு."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு மாமாவைப் பார்த்துப் பாவமாக இருந்தது. மறுநாள் எங்கள் வரப்பில் ஒரு குச்சியை நட்டு, அவருக்கு அடையாளம் தெரியட்டும் என்று என் சிவப்பு ரிப்பனை அதில் கட்டிவிட்டு வந்தேன்.