கூப்பிடுகிற தழை, தடுக்கிற தழை

தழை பறித்துக் கட்டிக் கொடுக்கிற வேலையில், எதற்கென்று கேட்காமல் இருக்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. அந்தப் பாதியை நான் பிறந்ததிலிருந்து செய்துகொண்டிருக்கிறேன். எனக்கு வாய் அவ்வளவாக வராது. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு பெரும்பாறைப் பக்கம் காப்பிப் பழம் பறிக்கப் போனேன். கல்யாணமாகி கொடைக்கானல் வந்தேன். வீட்டுக்காரருக்குப் பூண்டுக் காட்டில் கூலி வேலை. எனக்குப் பெருமாள்மலைக்கு மேலே ஒரு பழைய பங்களாவில் வேலை. பெங்களூர் மேடம் ஒருவர் அதைக் குத்தகைக்கு எடுத்து தியான விடுதி நடத்துகிறார். எந்தெந்த தேசத்திலிருந்தோ ஆட்கள் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பருவம், ஒரு பூசை, ஒரு தழை. அதைத் தேடிப் பறித்து, காயவைத்து, நூல் சுற்றிக் கொடுப்பது என் சோலி.

என் மகள் தர்ஷினிக்கு மூன்று வயது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் கூடவே வருவாள். அடுத்தவர் அடுப்படியில் பிள்ளையை உட்காரவைத்துவிட்டு வேலை பார்க்கிறவர்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும். பிள்ளை அழக் கூடாது, சாமானைத் தொடக் கூடாது என்று உங்களுக்கு இரண்டு கவலை இருக்கும். எனக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு. இவர்கள் எதைக் கூப்பிடுகிறார்களோ, அது வருகிற வழியில் என் பிள்ளையைத் திரும்பிப் பார்த்துவிடக் கூடாது.

தலையணைக்குள் மாசிப்பச்சை

மார்கழிப் பனியில் சென்னைத் தம்பி ஒருவர் வந்தார். கம்ப்யூட்டர் வேலையாம். வருஷத்திலேயே பகல் குறைந்த நாளில் மாசிப்பச்சையைத் தலையணைக்குள் வைத்துப் படுத்தால் கனவில் உண்மை தெரியும் என்று வெள்ளைக்காரர் தேசத்தில் வழக்கம் என்றார். மாலைக்கு நடுவே பச்சைக்கு வைத்துக் கட்டுவோமே, அதே தழைதான். பறித்து உறைக்குள் அடைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

காலையில் காப்பி கொண்டுபோனால் மனுஷன் முகமே சரியில்லை. தகரம் போட்ட வரிசை வீடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்க் குழாய், வாசலில் சாக்கு விரித்து மிளகு காயப்போட்டிருக்கிறது என்று கனவைச் சொன்னார். நான் பிறந்த எஸ்டேட் லயம் அப்படித்தான் இருக்கும். அவரோ இந்த மலைக்கே முதல் தடவை வருகிறவர். விடுதியில் எல்லோருக்கும் நான் தர்ஷிம்மாதான். என் பேரைச் சொல்லிக் கூப்பிட, அம்மா செத்த பிறகு ஆளே கிடையாது. டம்ளரை வாங்கிக்கொண்டே அவர் கேட்டார்: "அங்க ஒரு அம்மா தலையில சாக்கைப் போட்டுக்கிட்டு, 'அமுதா, அமுதா'ன்னு வீடு வீடா தேடிட்டு இருந்தாங்க. யாருங்க அமுதா?"

ஏழாவது தலை

பங்குனியில் ஈரான் தேசத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். அவர்களுக்கு அப்போதுதான் புது வருஷம் பிறக்கிறதாம். சின்னச் சின்ன விதையாக ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார். கங்கில் போட்டால் படபடவென்று வெடித்துப் புகையும். அந்தப் புகையைத் தலையைச் சுற்றிக் காட்டினால் கண்ணேறு கழியும். நாம் உப்பு மிளகாய் சுற்றிப் போடுகிற மாதிரிதானே என்று எனக்கு அது பிடித்துப்போயிற்று. விருந்தாளிகள் நாலு பேர், சமையல்கார ஜெசிந்தா அக்கா, நான், ஆக ஆறு பேர் வரிசையாக நின்றோம். தர்ஷி அடுப்படியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆளுக்கு ஒரு பிடி விதை போட்டுச் சுற்றினார். எனக்குச் சுற்றி முடித்தவர், குனிந்து, என் இடுப்பு உயரத்துக்கு இன்னொரு பிடி போட்டுச் சுற்றினார். "தாத்தாவுக்கு எண்ணிக்கை தப்பிப்போச்சு" என்று ஜெசிந்தா அக்கா சிரித்தார். அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், இங்கிலீஷ் நன்றாக வரும். பெரியவரிடமே கேட்டார். பதிலைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "உன் சேலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சாம்ல ஒரு பாப்பா, அதுக்கும் சேர்த்துச் சுத்திட்டாராம்டி."

திரும்பிப் பார்க்கக் கூடாது

ஜூன் மாசம் ஜெர்மனி அம்மா ஒருவர் மஞ்சள் பூ ஒன்றின் படத்தைக் காட்டினார். சோலை ஓரத்துப் புதரில் அந்த ஜாதிப் பூ இங்கேயும் பூக்கும். அவர்கள் ஊரில் ஒரு புனிதர் திருநாளன்று அதைப் பறித்து வீட்டில் கட்டி, தீ மூட்டிக் கும்பிடுவார்களாம். பறிக்கிறதுக்கு முறை இருக்கிறது. வெள்ளனே போகணும், வெறும் வயிற்றோடு போகணும், யாரோடும் பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. பேசாமல் இருக்கிறதுக்கு என்னை விட்டால் ஆள் ஏது?

சாரல் பெய்துகொண்டிருந்தது. புதர்கிட்டே போய்க் கையை நீட்டினேன். பின்னால் கொலுசுச் சத்தம். சின்னக் கால், ஓடி ஓடி நிற்கிற சத்தம். அடுப்படியில் தூங்கப் போட்டுவிட்டு வந்த தர்ஷி எழுந்து என் பின்னாலேயே வந்துவிட்டாளோ? பாதையெல்லாம் வழுக்கல், ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். பூசையாவது ஒன்றாவது, திரும்பிவிட்டேன். பனிப்புகையாக வெறும் மஞ்சு. விழுந்தடித்து ஓடினால் பிள்ளை போர்வைக்குள் சுருண்டு கெடக்கிறாள். ஜெர்மனி அம்மாவிடம் நான் திரும்பியதைச் சொல்லவில்லை. ஜெசிந்தா அக்காவிடம் மட்டும் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்: "கொலுசா? உம் பிள்ளைக்கு ஏதுடி கொலுசு?"

செண்டுப்பூப் பாதை

அக்டோபர் கடைசியில் லூசியாம்மா வந்தார். மெக்சிகோ தேசத்துக்காரர். ஓட்டைத் தமிழ் பேசுவார். ஆறு வருஷத்துக்கு முந்தி அவர் புருஷனுக்கு இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. குடியிருந்தது இதே பங்களா. அவர்களுடைய மூன்று வயது மகள் சோஃபியா இந்தக் கிழக்கு அறையில்தான் காய்ச்சலில் செத்துப்போனாள். மேடத்துக்கே அது தெரியாது.

அவர்கள் ஊரில் நவம்பர் முதல் தேதி செத்த பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள், மறுநாள் பெரியவர்கள். செண்டுப்பூ வாசத்தைப் பிடித்து வருவார்கள் என்று வெளிக்கதவிலிருந்து படையல் வரைக்கும் பூவை உதிர்த்துப் பாதை போடுவது வழக்கம். சோஃபியாவுக்கு ஐந்து வருஷம் போட்டுப் பார்த்தாராம், வரவே இல்லை. கடல் தாண்டி வரக் குழந்தைக்கு வழி தெரியாதே என்று இவரே புறப்பட்டு வந்துவிட்டார். அந்த ஒரு நாள்தான். உச்சிப்பொழுதிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும்தான் பிள்ளை இருக்கும். மறுநாள் ஊர் திரும்ப டிக்கெட். இனி ஒரு தடவை வர உடம்பு தாங்காது என்றார்.

நிலக்கோட்டையிலிருந்து இரண்டு மூட்டை செண்டுப்பூ வந்தது. நானும் அவரும் உட்கார்ந்து உதிர்த்தோம், கிழக்கு அறை நிலையில் மாலையும் கட்டினோம். அறைக்குள் படையலில் ரொட்டி வைத்தார், பால் வைத்தார், கற்கண்டு வைத்தார். அவர்கள் ஊரில் புகை போடுகிற பிசினுக்குப் பதிலாக நம் சாம்பிராணி. கடைசியாகக் கைப்பையிலிருந்து ஒரு ஜோடி சின்னக் கொலுசை எடுத்து வைத்தார். பழநிக்குப் போனபோது பிள்ளைக்கு வாங்கியதாம். புதர்கிட்டே கேட்ட சத்தம் இதுதானோ என்று எனக்கு இருந்தது. தர்ஷியோ ஒன்றும் தெரியாமல் பூவை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். லூசியாம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அவளுக்கு விளையாட யாருமே இல்ல, தர்ஷிம்மா" என்றார்.

வேப்பிலை

கேட்ட தாய் எவளுக்கும் தூக்கம் வராது. கொடைக்கானல் குளிருக்கு வேம்பு வளராது. பாலசமுத்திரத்தில் இருக்கிற நாத்தனாருக்குப் போன் போட்டேன். மறுநாள் பஸ்ஸில் ஒரு கட்டு கொடுத்துவிட்டாள். தை பிறக்கிறதுக்கு முந்தி கூரைக்குக் கூரை காப்பு கட்டுகிறோமே, அதே மாதிரி மஞ்சள் துணியில் முடிந்தேன். வேப்பிலை கட்டின வாசலை எதுவும் தாண்டாது. என் வீட்டில் கட்டியிருக்க வேண்டியது. ஆனால் வருகிற பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிட்டால் தர்ஷி கண்ணிலேயே படாதே என்று புத்தி போனது. முதல் தேதி காலையில் யாரும் பார்க்காதபோது ஸ்டூல் போட்டு ஏறி, கிழக்கு அறை நிலைக்கு மேலே, செண்டுப்பூ மாலைக்குப் பின்னால், காப்பைக் கட்டிவிட்டு இறங்கினேன்.

உச்சிக்கு மஞ்சு இறங்கிப் பங்களாவை மூடியது. நான் பிள்ளையோடு அடுப்படியில் தாழ் போட்டு உட்கார்ந்தேன். "என்னடி, கோழி மாதிரி பிள்ளையைக் கவுத்துக்கிட்டு உக்காந்திருக்க" என்று ஜெசிந்தா அக்கா கேலி பண்ணினார். மணி ஒன்று ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் லூசியாம்மா. கண்ணெல்லாம் சிவந்து கெடக்கிறது.

"வந்துட்டா, தர்ஷிம்மா. கொலுசு சத்தம் கேட்டேன். வாசல்ல நிக்கிறா. உள்ள வரல. கூப்பிட்டேன், கூப்பிட்டேன், வரல. எம்மேல கோபமா? நான் என்ன தப்பு பண்ணினேன்?"

நிலைப்படி

எனக்கு வாய் அவ்வளவாக வராது என்று சொன்னேன் இல்லையா, அன்றைக்கு வாயைத் திறந்தேன். "தப்பு உங்களுது இல்லீங்க. நாந்தான் வேப்பிலை கட்டிட்டேன். எம்பிள்ளைக்குப் பயந்துக்கிட்டுக் கட்டிட்டேன்." ஜெசிந்தா அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். நாம் செய்த குற்றத்தைச் சொல்லிவிட்டு எதிராளி முகத்தைப் பார்க்க முடியாமல் நிற்பது எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கத்துவார், மேடத்திடம் சொல்வார், வேலை போகும் என்று நின்றேன். தர்ஷியின் கன்னத்தைத் தொடப்போன லூசியாம்மா, தொடாமல் கையை எடுத்துக்கொண்டார்.

தர்ஷியை ஜெசிந்தா அக்கா இடுப்பில் கொடுத்துவிட்டு நானே போனேன். ஸ்டூலில் ஏறினேன். முடிச்சு இறுகிப்போய் அவிழ மாட்டேன் என்றது. பல்லால் கடித்து இழுத்தேன். காப்பு கையோடு வந்ததும், காற்றே இல்லாத இடத்தில் என் முழங்காலுக்குக் கீழே ஜில்லென்று ஏதோ உரசிக்கொண்டு போனது. கீழே பார்க்கவில்லை. லூசியாம்மா என்னைத் தாண்டி அறைக்குள் போனார். "மடியிலயே வச்சுக்கிறேன். வெளிய விடமாட்டேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அந்தி வரைக்கும் உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. என்ன பாஷையோ, தாலாட்டு என்று மட்டும் தெரிந்தது. பாட்டு நிற்கிற இடங்களில் நானும் ஜெசிந்தா அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒன்றரை மணி நேரத்தை அவரிடமிருந்து பறித்துக்கொண்டேனே என்று எனக்கு நெஞ்சு குத்தியது. ஆனாலும் தர்ஷியை மடியை விட்டு இறக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரம் கதவு திறந்தது. லூசியாம்மா பூப்பாதையில் வெளிக்கதவு வரைக்கும் மெதுவாக நடந்தார், ஒரு கை பக்கவாட்டில் தாழ்ந்தபடி, விரல் மடங்கியபடி. கதவுக்கு அப்பால் மஞ்சில் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வரும்போது கை வெறுமனே தொங்கியது. நேராக என்னிடம் வந்தார்.

"போகமாட்டேன்னா. அனுப்பிட்டேன். இனி பயப்படாதீங்க, உங்க பிள்ளையை இறக்கி விடுங்க."

எத்தனையோ தேசத்துச் சாமிக்குத் தழை தேடிக் கொடுத்துவிட்டேன், பெற்றவள் பயத்துக்குக் கட்ட மட்டும் இந்த மலையில் ஒரு செடியும் முளைக்கக் காணோம்.