பியருக்குக் காஸ் ஏற்றிய காலம்

வீட்டில் பியர் காய்ச்சுகிற ஆட்களுக்குச் சாமான் விற்கும் கடைக்கு, நல்லாய் வந்த பியரைப் பற்றிச் சொல்ல ஒருவரும் வருவதில்லை. கவுண்டருக்குப் பின்னால் நின்று பேச்சு வாங்கியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. புலம்பெயர்ந்து வந்த அஜின்கோர்ட்டில் அப்படியொரு கடையில் நானும் கஜனும் வேலைக்குச் சேர்ந்தோம். முதலாளி ராஜன் அண்ணை முதல் நாளே சொல்லிவிட்டார்: "விண்டர் முடிய உங்களில ஒராளைத்தான் வச்சிருப்பன்." எனக்கு அந்த வேலை வேண்டும். கஜனுக்கும்தான். அவன் குரல் வாசல் வரைக்கும் கேட்கும். என்னுடையது கவுண்டரைத் தாண்டாது.

நாளைக்கே வேணும்

பீப்பாவில் பியரை விட்டு, நுரை வரவைக்கிற காஸ் சிலிண்டரைக் கொழுவி, குளிருக்குள் ஒரு கிழமை வைத்தால் காஸ் தானாக ஏறும். கடைக்கு வந்த தவம் அங்கிளுக்கோ மச்சானின் பிறந்தநாள் பார்ட்டி அடுத்த நாள். "பிறஷரைக் கூட்டிப்போட்டு பீப்பாவைப் பிடிச்சு உருட்டுங்கோ அங்கிள், விடிய ரெடி" என்றான் கஜன். "ஊத்த முதல் பிறஷரைக் குறைக்கவேணும்" என்றேன் நான்.

திங்கட்கிழமை அங்கிள் வந்து நின்றார். குழாயைத் திறந்ததும் நுரை சீறிக்கொண்டு போய், சம்பந்தியம்மாவின் பட்டுச்சேலையில் விழுந்ததாம். கஜன் சாப்பிடப் போயிருந்தான். ஏச்சு முழுக்க எனக்கு. அன்றைக்கே சொன்னேனே என்றேன். அங்கிள் கொஞ்சம் யோசித்தார்.

"சொன்னனீர்தான் தம்பி. ஆனா சத்தமாச் சொல்லேல்லையே!"

ரெக்ஸ்டேல் வீட்டுப் பியர்

ரெக்ஸ்டேலில் இருந்து வருகிற சிவம் அண்ணையின் பியரில் காஸ் ஏறவே மாட்டேன் என்றது. கஜன் முதலில் புது ரெகுலேற்றர் விற்றான். பிறகு புதுக் குழாய் விற்றான். பியர் அப்படியே தேத்தண்ணி மாதிரிக் கிடந்தது. மூன்றாம் முறை அவர் வந்தபோது நான்தான் நின்றேன். எல்லாம் சரியாகத்தான் கொழுவியிருந்தார். "சிலிண்டரை வேற ஆரும் தொடுறவையோ அண்ணை?" என்று கேட்டேன். அவர் வீட்டுக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"ஓம், படுக்கப் போகேக்க ஒவ்வொரு நாளும் நான்தான் மூடுறனான்" என்றா அவரின் மனைவி. "காஸைத் திறந்து வச்சிட்டு ஆரப்பா நித்திரை கொள்ளுவினம்?"

அடுத்த நாள் சிவம் அண்ணை ரெகுலேற்றரையும் குழாயையும் திருப்பிக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். ராஜன் அண்ணை என்னைத்தான் பார்த்தார்.

ஒரு றப்பர் வளையம்

மாலா அக்கா தாதி. ஓய்வு நாளில் பியர் காய்ச்சுவா. விடிந்தால் சிலிண்டர் வெறுமையாகிவிடுகிறது என்று பீப்பாவோடு வந்தா. கஜன் கடையிலேயே பெரிய சிலிண்டரைத் தூக்கி அவவின் கையில் கொடுத்துவிட்டான். நான் பீப்பாவின் மூடியைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணி பூசினேன். ஒரு பக்கம் குமிழ் குமிழாகக் கிளம்பியது. வெடித்துப்போன றப்பர் வளையத்தை மாற்றினேன், குமிழ் நின்றது. அக்கா பெரிய சிலிண்டரைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டு, "கஜன், நீ என்னைக் கொள்ளையடிக்கப் பாத்தனியடா!" என்று சிரித்தா. கஜனும் சிரித்தான். ராஜன் அண்ணை சிரிக்கவில்லை.

பனி கரைந்தபோது

வெளியே பனி கரைந்து வாசலெல்லாம் சேறு. ராஜன் அண்ணை என்னை மட்டும் பின்னறைக்குக் கூப்பிட்டார். கோபமில்லை, தோளில் கைகூடப் போட்டார்.

"தம்பி, நீ நல்லாத் திருத்துறாய். ஆனா நீ திருத்திவிட்ட ஆள் பிறகு கடைப்பக்கம் வாறேல்லையே."

இப்போது ஒரு பலசரக்குக் கடையில் அரிசி மூட்டை அடுக்குகிறேன். அரிசியில் என்ன பிழை என்று ஒருவரும் கேட்பதில்லை, நானும் கண்டுபிடிக்கப் போவதில்லை.