மெடிக்கலுக்கு முன் மாத்திரை ஆகாது

இந்த நாட்டில் காய்ச்சல் என்று போனால் ஊசி போடமாட்டார்கள். மலேசியாவின் ஈப்போவுக்கு வந்த புதிதில் எனக்கு இதுதான் பெரிய ஆத்திரம். ஆலங்குடியில் எங்கள் டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வதற்குள் கம்பவுண்டர் ஊசியோடு வந்து நிற்பார். சுருக்கென்று ஏறினால்தான் நமக்கும் வைத்தியம் பார்த்த திருப்தி. இங்கே நாலு மாத்திரையைக் கையில் கொடுத்துத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். உள்ளூர்த் தமிழர்களுக்கு ஊசியைப் பற்றிக் கவலையே இல்லை. அவர்களுக்கு வேண்டியது எம்சி. அதாவது, உடம்பு சரியில்லை, இன்றைக்கு வேலைக்கு வரமாட்டார் என்று டாக்டர் எழுதித் தரும் சீட்டு. அதைச் சிரித்துக்கொண்டே வாங்கிப் போகிறார்கள். எங்களைப் பற்றி ஒரு டாக்டர் அப்படி எழுதிவிட்டால் கதை முடிந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால்தான் புரியும். வேலைக்காக வந்த எங்களுக்குப் பெர்மிட் புதுப்பிக்கும்போது ஒரு மெடிக்கல் உண்டு. ரத்தம், மூத்திரம், நெஞ்சுப் படம் எல்லாம் பார்ப்பார்கள். தேறினால் இருக்கலாம், தேறாவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். அதனால் டாக்டர் என்றாலே எங்களுக்குப் போலீஸ்தான். இதற்கென்று எங்களுக்குள் ஒரு பத்தியம் வைத்திருக்கிறோம். மெடிக்கல் நெருங்கினால் கறி மீன் கிடையாது. பார்லித் தண்ணீரும் இளநீரும்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம், மெடிக்கல் முடியும்வரை எந்த மாத்திரையும் போடக்கூடாது. போட்டால் மூத்திரத்தில் காட்டிக்கொடுத்துவிடுமாம். யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. முன்னால் வந்தவர் பின்னால் வந்தவருக்குச் சொல்லிச் சொல்லி அது சத்தியவாக்கு ஆகிவிட்டது.

எனக்குச் சொன்னவர் முருகையா அண்ணன். நான் வேலை பார்க்கும் முடிவெட்டும் கடையில் எனக்கு மூத்தவர், புதுக்கோட்டைப் பக்கம். நான் வந்து இறங்கிய வாரம் காய்ச்சலில் கிடந்தபோது மிளகு ரசம் வைத்து ஊட்டாத குறையாகக் கொடுத்தவர் அவர்தான். வாய் ஓயாத மனுஷன். தலையைக் கொடுத்தவன் அழுதுகொண்டு வந்தாலும் சிரித்துக்கொண்டு எழுந்து போவான். அவருக்குச் சர்க்கரை இருந்தது. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிட்டு மாத்திரை வரவழைத்து, பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் போட்டுக்கொள்வார். கடைசி மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். "அவ முடிக்கிற வரைக்கும் நான் இங்க நின்னாகணும்டா தம்பி" என்பார். நின்றாகவேண்டும் என்பது அவருடைய வேலைக்கும் பொருந்தும். எங்கள் தொழில் முழுக்க நின்றுகொண்டே செய்வது.

இந்தத் தொழிலில் இன்னொரு தொல்லை உண்டு. வெட்டிய முடி செருப்புக்குள் விழுந்து முள்ளாகக் காலில் ஏறிவிடும். எங்களுக்கு வலிக்கும், ஊசியால் நெம்பி எடுத்துவிடுவோம். சர்க்கரைக்காரருக்கு வலி எங்கே தெரிகிறது? மெடிக்கல் வரப்போகிறது என்று அண்ணன் மாத்திரையை நிறுத்தியிருந்த சமயம் அது. வலது பாதம் வீங்கிவிட்டது. காலுறை போட்டு மறைத்துக்கொண்டு நின்றார். பவுடரும் வாசனைத் தண்ணீரும் மணக்கும் கடையில் எனக்கு அந்த நாற்றம் தனியாகத் தெரிந்தது.

"காட்டுங்கண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"பைத்தியக்காரா, இப்பப் போனா பேரு பதிவுல ஏறிடும். மெடிக்கல் முடியட்டும், மறுநாளே போறேன்."

அடுத்த நாள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடியே சரிந்தார். பக்கத்தில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் ரோசம்மா அக்காதான் சத்தம் கேட்டு ஓடிவந்தார். கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், இந்த ஊர்க்காரர்கள்போலப் பேச்சில் 'லா' சேர்ப்பவர். காலுறையைக் கழற்றிப் பார்த்ததும், "ஏசுவே! என்னா லா இது? இத வெச்சிக்கிட்டா முடி வெட்டிக்கிட்டு இருந்தே?" என்று தலையில் அடித்துக்கொண்டார். பெர்மிட், மெடிக்கல் என்று அண்ணன் முனகியது எதையும் காதில் வாங்கவில்லை. "பெர்மிட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஏறு காடில!" காடி என்றால் இங்கே கார். நானும் அக்காவும் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம்.

ஆஸ்பத்திரியில் பார்த்தது ஒரு மலாய் டாக்டர், சின்னப் பெண். ஏன் மாத்திரையை நிறுத்தினீர்கள் என்று மலாயில் கேட்டாள். அண்ணன், "தாக்குட்" என்றார். பயம் என்று அர்த்தம். அவ்வளவுதான், அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அந்த மாத்திரை நல்ல மாத்திரை, சிறுநீரகம் கெடாது, பயப்படவே வேண்டாம் என்று விளக்க ஆரம்பித்துவிட்டாள். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ரோசம்மா அக்காவுக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே புகுந்து மலாயில் படபடவென்று கொட்டினார். பிறகு எங்களிடம் திரும்பிச் சொன்னார்: "மாத்திரைக்கு இல்ல டாக்டர், ஒங்களுக்குத்தான் பயப்படுறான்னு சொன்னேன்."

அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது. மாத்திரையைப் போட்டு ஒழுங்காக வைத்திருந்தால் மெடிக்கலில் தேறியிருக்கலாமே என்றாள், ரொம்ப மெதுவாக. அண்ணன் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. வாய்விட்டு அழுதேன்.

உயிர் போகாமல் இருக்கவேண்டுமானால் பாதத்தை எடுக்கவேண்டும் என்றார்கள். எடுத்தார்கள்.

மறுநாள் மிஸ்ஸி வந்தாள். நர்ஸை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். எடுத்த பாதத்தை நீங்கள் கொண்டுபோய் அடக்கம் செய்கிறீர்களா என்று கேட்டாள். மலாய்க்காரர்கள் வாங்கிப்போய் முறைப்படி புதைப்பார்களாம். அண்ணன் படுக்கையிலிருந்தே, "குப்பையில போட விடாதடா தம்பி" என்றார். "எங்கூட வாங்க. எங்க தோட்டத்துச் சுடுகாடு இருக்கு. தோட்டம்தான் போச்சு, ஆளுங்க அங்கதான் படுத்திருக்காங்க. தொணைக்கு இருக்கும் லா" என்றார் அக்கா.

கோப்பெங் தாண்டி, ரப்பர் மரம் ஒன்றுகூட மிச்சமில்லாத செம்பனைக் காட்டுக்குள், அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்குள், போனோம். அக்காவின் அப்பா சிலுவையின் கீழ் படுத்திருந்தார். கொஞ்சம் தள்ளி, சூலம் நட்ட மேடுகள். நான் குழி தோண்டினேன். ஊரில் சாவுச் சடங்கு செய்வது எங்கள் வீட்டுத் தொழில். கொள்ளிக்குடம் உடைப்பதிலிருந்து கருமாதிவரை தாத்தா காலத்திலிருந்து செய்துவருகிறோம். ஆனால் உயிரோடு இருக்கும் மனிதனின் பாதத்துக்கு என்ன செய்வது? தலைப்பக்கம் எது, கால்பக்கம் எது? அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரு கை மண் அள்ளிப் போட்டேன். அக்கா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு அவரும் ஒரு கை போட்டார்.

நிற்க முடியாதவருக்குக் கடையில் வேலை இல்லை. வேலை இல்லாதவருக்குப் பெர்மிட் இல்லை. எதற்குப் பயந்தாரோ அதுவே நடந்து, அண்ணன் ஊர் போய்ச் சேர்ந்தார். இப்போது மகள்தான் வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். நாங்கள் இங்கே அந்தப் பத்தியத்தை விட்டுவிட்டோம். புதிதாக வருகிற பையன்களை ரோசம்மா அக்காவே பிடித்து நிறுத்தி, "மாத்திர போடுறியா இல்லியா?" என்று அதட்டுகிறார்.

போன வாரம் அண்ணன் கூப்பிட்டார். மகளைப் பற்றி, ஊர்ச் சண்டையைப் பற்றி, பழையபடி ஓயாமல் பேசினார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"ஏன்டா தம்பி, அங்க மழையா?"

"ஏண்ணே?"

"இல்ல... காலையிலேருந்து அந்தப் பாதம் சில்லுன்னு இருக்குடா. நனைஞ்ச மாதிரி."

கடைக் கண்ணாடிக்கு வெளியே எதிர்வரிசை தெரியாத அளவுக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது. "இல்லண்ணே, நல்ல வெயில்" என்றேன்.