முத்திரை உடையாத குப்பி

தாராவியில் மாமியின் வீட்டு அலமாரியில், குர்ஆனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் குப்பி இருக்கிறது. மக்காவுக்கு உம்ரா போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் தந்த ஸம்ஸம் புனித நீர். மூடியின் முத்திரை உடையவில்லை.

அது மாமாவுக்காக வந்தது. என் உம்மாவின் அண்ணன். தோல்பைப் பட்டறை வைத்திருந்தார். உணவுக்குழாயில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது தொடக்க நிலையில்தான் இருந்தது. மார்பைத் திறக்க வேண்டாம், வாய்வழியாகக் கருவியை விட்டு உள்சவ்வை மட்டும் உரித்தெடுத்துவிடலாம் என்றார் செம்பூர் ஆஸ்பத்திரி டாக்டர். மாட்டுங்காவில் வளர்ந்த தமிழர். சுவர் மெல்லியது, உரிக்கும்போது ஓட்டை விழலாம், விழுந்தால் கிளிப் போட்டு அடைப்போம், அரிதாக அது உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம் என்பதையும் மறைக்கவில்லை. பை ஓரத்தை மடிக்கத் தோலைச் சீவிச் சீவிக் கை காய்த்தவர் மாமா. சிரித்தார்.

"நான் சீவுத தோலு மேசையில சும்மா கெடக்கும் டாக்டர். ஒங்களுக்கு அது மூச்சு விட்டுக்கிட்டுல்லா கெடக்கும். ஓட்ட விழுந்தா ஏச மாட்டேன்."

"ஏசுங்கோ, பரவாயில்லை. நல்லாயிட்டு வந்து ஏசுங்கோ."

ஓட்டை விழுந்தது. உடனே அடைத்தார்கள். ஆனால் அடைப்பு நிற்கவில்லை. மார்புக்குள் சீழ் கட்டியது. வாய்வழியாக ஒரு சொட்டும் போகக் கூடாது என்று உத்தரவு. அந்த நிலையில்தான் குப்பி வந்தது. மாமாவின் உதடு வெடித்திருந்தது.

"ஒரு மொடக்குதானளா," என்று மாமியிடம் கேட்டார்.

எங்களில், உயிர் பிரியும் நேரத்தில் ஸம்ஸம் நீரால் உதட்டை நனைப்பார்கள். மாமிக்கு அந்த நினைப்பே பொறுக்கவில்லை. "வீட்டுக்கு வந்து கொடம் கொடமாக் குடிங்க. இப்பம் கேக்காதிய," என்றார்.

"கொடம் எதுக்குளா, குளிக்கவா போறேன்?"

பிறகு அவர் கேட்கவில்லை. மறுநாள் மதியம் போய்விட்டார்.

குழாய்களைக் கழற்றிய நர்ஸ், மாமியின் கையிலிருந்த குப்பியைப் பார்த்தாள். விழுங்கத்தான் கூடாது, பஞ்சில் தொட்டு உதட்டை நனைத்திருக்கலாமே, கேட்டிருந்தால் நானே செய்திருப்பேன் என்று இந்தியில் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். மாமி குப்பியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

இந்த ரமலானில் ஒரு மாலை, நோன்பு திறக்க அதை எடுக்கலாமா என்று கேட்டேன். மாமி எழுந்துபோய்க் குப்பியைத் துடைத்தார்.

"அவுக கேட்டதுல்லா, மருமவனே."

இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். பாங்கு சொன்னதும், குடத்துத் தண்ணீரில் நோன்பு திறந்தோம்.