குட்டைத் தண்ணீர் போன வழி

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் பயத்துக்கென்று ஒரு கோயில் கட்டினால், மூலவராகக் கமலாட்சியைத்தான் உட்கார வைக்க வேண்டும். சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். பல்லி விழுந்தால் பயம், பால் திரிந்தால் பயம். அதெல்லாம் சில்லறைப் பயம். அவளுடைய பெரிய பயம் கரண்டு. அவள் தம்பி கிணற்று மோட்டார் ஒயரைத் தொட்டுச் செத்தவன். அன்றிலிருந்து லைட் சுவிட்சைக்கூட முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் போடுவாள். மெயின் சுவிட்சுப் பக்கம் எட்டியும் பார்க்க மாட்டாள். ஃபியூஸ் போனால் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிடுவாள். நானும் திட்டிக்கொண்டே போய்ப் போட்டுவிட்டு வருவேன்.

அப்படிப்பட்டவள் வீட்டுத் தறியிலேயே கரண்டு வந்து உட்கார்ந்தது. அவள் வீட்டுக்காரர் கைலாசம் தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, நாள் முழுக்கப் பட்டு நெய்கிறவர். முழங்கால் தேய்ந்து மிதியை அழுத்த முடியாமல் போனதும், சேலையில் பூ விழுவதற்கு இழை தூக்கும் வேலையை ஒரு மோட்டார் பெட்டியிடம் விட்டார். அதை ஓட்டக் காலால் அழுத்தும் சுவிட்ச் ஒன்று உண்டு. அது குழிக்குள்ளே. அதன் ஒயரும் குழிக்குள்ளே. கமலாட்சிக்கு அன்று போன தூக்கம் திரும்பவில்லை. அடுப்படியில் நின்றாலும் காது தறியிடம்தான் இருக்கும். தறிச் சத்தம் சற்று நின்றால் இவள் கையில் கரண்டியும் நின்றுவிடும். மனுஷன் தண்ணீர் குடிக்க நிறுத்தியிருப்பார், இவள் வாசற்படியில் போய் மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். என்ன பிழைப்போ!

வாத்து வந்ததும் அந்த மனுஷனுக்காகத்தான். உட்கார்ந்தே வேலை செய்கிறவருக்கு மூலம் வராமல் முத்தா வரும்? வாத்து முட்டை சாப்பிட்டால் சூடு தணியும் என்று யாரோ சொல்ல, வாலாஜாபாத் சந்தையிலிருந்து நாலு வாத்து பிடித்து வந்தாள். விற்றவன் சும்மா அனுப்பினானா? வாத்துக்குத் தலை முங்குகிற அளவு தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு அடைத்துக் கண் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பினான். உடனே அதற்கும் ஒரு பயம். பழைய டப் ஒன்றில் தண்ணீர் வையேன் என்றேன். கேட்கவில்லை. தறி அறையின் பின்சுவரை ஒட்டித்தான் அவள் புழக்கடையில் நிழல். அங்கே மண்ணைத் தோண்டி, யாருடைய காதுகுத்துக்கோ அடித்த ஃபிளெக்ஸ் பேனரை விரித்து, குட்டை கட்டிவிட்டாள். அந்தக் குழந்தையின் சிரித்த முகத்தின்மேல் வாத்துகள் நீந்தின.

சித்திரை வெயிலில் குட்டையின் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. மாலையில் தளும்ப ஊற்றுவாள், காலையில் ஒரு சாண் இறங்கியிருக்கும். வெயில் குடிக்கிறதென்றால் ராத்திரியில் குடிப்பது யார்? பாம்பு வருகிறதா, யாராவது ஏதாவது செய்துவிட்டார்களா என்று என்னை நச்சரித்தாள். வாத்து தண்ணீரை வாரி இறைக்காமல் அர்ச்சனையா செய்யும், போடி என்று சிரித்தேன். அவளோ வாத்துக்குக் கண் போய்விடுமே என்று குடம் குடமாய்ச் சுமந்து ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அன்று முட்டை வாங்கப் போனேன். கைலாசம் தறியிலிருந்து எழுந்து வந்து, டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். அவர் போன வழியில் சிவப்புத் தரையில் ஈரமாய்க் கால் தடம். காற்றுகூடக் காய்ந்து கிடக்கிற மாசத்தில் ஈரத் தடம். கமலாட்சி குனிந்து விரலால் தொட்டு முகர்ந்தாள். அவள் முகம் வெளிறிப்போனது. வாத்துக் குட்டையின் அதே பாசி நாற்றம், எனக்கே அடித்தது. உட்கார்ந்து உட்கார்ந்து மனுஷனுக்குப் பாதம் மரத்துப்போய் வருஷங்கள் ஆகின்றன. ஈரம் எங்கே தெரியப்போகிறது?

உள்ளே மோட்டார் உறுமியது. கமலாட்சி என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நான் பாம்பு என்றுதான் நினைத்தேன். முந்தானையைச் சுற்றவில்லை, என்னைக் கூப்பிடவில்லை. வெறுங்கையால் மெயின் சுவிட்சைப் பிடித்து இழுத்தாள். வீடே அடங்கியது.

கைலாசம் உள்ளிருந்து கத்தினார், பாதிப் பூவில் நின்றுபோச்சு என்று. அவள் அறை வாசலில் போய் நின்றாள்.

"கால ஊனாம மேல ஏறி வாங்க. எதுவும் கேக்காதீங்க. ஏறி வாங்க."

அவர் ஏறி வந்த பிறகு செல்போன் வெளிச்சத்தில் குழியைப் பார்த்தோம். அடியில் தண்ணீர் தேங்கி மினுங்கியது. சுவிட்சின் ஒயரை எலி கடித்துச் செம்பு பல்லை இளித்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்கும் அதற்கும் ஒரு விரற்கடை இடைவெளி. புழக்கடைக்குப் போய் பேனரைத் தூக்கினால், அந்தக் காதுகுத்துக் குழந்தையின் முகமெல்லாம் வாத்து அலகு போட்ட ஓட்டை. தான் சுமந்து ஊற்றியதெல்லாம் சுவருக்கடியில் ஊறிப் புருஷன் காலடிக்குத்தான் போயிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அன்று மாலைக்கும் குடங்கள் நிறைத்துத் தயாராக வைத்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

குட்டையை மூடியாயிற்று. முருங்கையடியில் வாத்துகளுக்குச் சிமெண்டுத் தொட்டி வைத்தாயிற்று. எலக்ட்ரீஷியன் வந்து ஒயரை மாற்றி, சுவிட்சை மேலே பலகையில் பொருத்தி, இனி நூறு வருஷம் பயமில்லை என்று சொல்லிவிட்டும் போனான்.

போன வாரம் காலையில் உறைமோர் கேட்கப் பின்பக்கமாய் நுழைந்தேன். கைலாசம் இன்னும் எழுந்திருக்கவில்லை. தறிப் பெட்டியில் கரண்டு ஓடுகிறதென்று காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. கமலாட்சி குழி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, வெறுங்காலை மெல்ல மெல்லக் குழிக்குள் இறக்கினாள். பாதத்தால் அடிமண்ணை மூலைக்கு மூலை தடவிப் பார்த்தாள். உதடு எதையோ முணுமுணுத்தது. பிறகு காலை எடுத்துக்கொண்டு, ஏங்க, எழுந்திருங்க என்று உள்ளே குரல் கொடுத்தாள். தினமும் இப்படித்தானாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பைத்தியமாடி நீ? கரண்டு இருந்துதுன்னா இன்னா ஆவறது?"

"இருந்தா எனக்குத் தெரிஞ்சிடும் இல்லக்கா," என்றாள். "அவரு எறங்க மாட்டாரு."

சொல்லிவிட்டு, வாத்துத் தொட்டியின் பழைய தண்ணீரை மாற்றப் போனாள்.